குளமும் தாங்கியும்: ஓர் ஆங்கிலச் சொல்லின் பல பொருள்கள்

திருகோணமலை மாவட்டத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நீர்ப்பாசன அறிக்கைகளையும், கடற்படைச் சரித்திரங்களையும், தேசங்களுக்கிடையே கைச்சாத்தான ஒப்பந்தங்களையும் ஒருங்கே வைத்து வாசிக்கும் ஒருவர், 'டாங்க்' என்னும் ஒரே சொல்லை ஒவ்வொரு வகை நூலிலும் ஒவ்வொரு பொருளிற் காண்பார். கந்தளாயில் மைல்கணக்காய் விரிந்து கிடக்கும் நீர்ப்பரப்புக்கும் அதுவே பெயர். சீனன்குடாக் காட்டினுள்ளே வரிசை வரிசையாய் நிற்கும் எண்ணெய்க் கொள்கலங்களுக்கும் அதுவே பெயர். நிலாவெளியில் வீட்டுக்குப் பின்னாற் கொங்கிறீற்றுத் தூண்களின்மேல் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக் பாத்திரத்துக்கும், யுத்தகளத்தில் சங்கிலிச் சக்கரங்களில் ஊர்ந்து வரும் இரும்பு வாகனத்துக்கும் அதுவேதான் பெயர். 'திருகோணமலையின் டாங்குகள்' என்று ஆங்கிலத்தில் ஒரு தலைப்பை மாத்திரம் கண்டவர், அது உழவரைப் பற்றியதா, எரிபொருளைப் பற்றியதா, படையினரைப் பற்றியதா என்று அடுத்த வரியைப் பாராமல் நிச்சயிக்க முடியாது.

ஒரு சொல் பல பொருள் தருவது எம்மொழிக்கும் இயல்பே. ஆனால் இச்சொல்லின் விஷயம் அகராதியோடு முடிந்துவிடுவதன்று. இந்நாட்டின் குளங்களை ஆங்கிலத்தில் 'டாங்க்' என்று எழுதி, அவ்வெழுத்தின்படியே அவற்றை நிர்வகிக்கவும் அளவிடவும் திருத்தவும் பழகிய ஒரு நூற்றைம்பது வருஷ காலத்தில், குளம் என்பது நீரைக் கொண்டிருக்கும் வெறும் பாத்திரம் என்னும் எண்ணமும் அச்சொல்லின் வழியே நம்முடைய காரியாலயங்களுக்குள் வந்து சேர்ந்துவிட்டது. ஆகையினால், இச்சொல் எங்கிருந்து வந்தது, எந்தெந்தப் பொருளை ஏற்றது, அவற்றுக்குத் தமிழர் என்னென்ன பெயரிட்டனர் என்பதைச் சற்று விரிவாக ஆராய்வது பயனுள்ள காரியமென்று கருதுகிறேன்.

ஆங்கிலேயர் இச்சொல்லைத் தம் தேசத்திலிருந்து இங்கே கொண்டு வரவில்லை. பெரும்பாலும் இங்கிருந்தே கொண்டு போயினர். குஜராத்தியிலும் மராத்தியிலும் நிலத்தடி நீர்த்தொட்டியைக் குறிக்கும் ஒரு சொல்லிலிருந்து அது பிறந்ததென்றும், அதற்கு மூலம் வடமொழித் 'தடாகம்' ஆகலாமென்றும் சொல்லாராய்ச்சியாளர் கூறுவர். அதே காலத்தில் இந்து சமுத்திரத் துறைமுகங்களில் வழங்கிய போர்த்துக்கேய மொழியில் 'தங்க்' என்றொரு சொல் இருந்தது. ஓடும் நீரை மறித்து நிறுத்துதல் என்னும் பொருளுடைய வினையடியிலிருந்து அது வந்ததென்பர். கிழக்கிலும் மேற்கிலும் தனித்தனியே தோன்றி ஒலியாலும் பொருளாலும் நெருங்கியிருந்த இரண்டு சொற்கள், வர்த்தகர் நாவில் ஒன்றாய்க் கலந்தன என்பதே இன்று பெரிதும் ஒப்புக்கொள்ளப்படும் அபிப்பிராயம். 1886இல் யூல், பர்னல் என்னும் இருவர் வெளியிட்ட 'ஹொப்சன் ஜொப்சன்' என்ற ஆங்கில-இந்தியச் சொல்லகராதியும் இச்சொல்லுக்கு இடங்கொடுத்து, அதன் பிறப்பைப் பற்றி விசாரிக்கிறது.

இங்கே தமிழன்பர் சிலருக்கு ஓர் ஆசை எழுவது இயற்கை. செங்கற்பட்டுப் பகுதியில் சிறு ஏரிகளைத் 'தாங்கல்' என்று அழைப்பது பழைய வழக்கம். வேடந்தாங்கல், பழவந்தாங்கல் முதலிய ஊர்ப்பெயர்களில் அச்சொல் இன்றும் நின்று நிலவுகிறது. ஒலியும் ஒத்திருக்கிறது, பொருளும் ஒத்திருக்கிறது. ஆதலால் ஆங்கிலச் சொல் தமிழிலிருந்தே சென்றது என்று சொல்லிவிடலாமே என்று தோன்றும். ஆனால் அச்சொல் முதலில் ஐரோப்பியர் காதில் விழுந்த பிரதேசம் குஜராத்துக் கரையென்றே சான்றுகள் காட்டுவதால், தாங்கல் என்பதை மூலமென்று நிலைநாட்ட ஆதாரம் போதாது. தமிழுக்குப் பெருமை சேர்க்க வேண்டுமென்பதற்காக இல்லாத வம்சாவளியைக் கற்பிப்பது தமிழுக்குச் செய்யும் தொண்டாகாது.

இலங்கையில் இச்சொல்லின் பிரவேசத்தைக் கவனித்தால் மற்றோர் உண்மை புலப்படும். 1660ஆம் வருஷம் திருகோணமலைக் குடாவின் தென்கரையிலுள்ள கொட்டியாரத்திற் கண்டி அரசனின் ஆட்களாற் பிடிக்கப்பட்டு, ஏறத்தாழ இருபது வருஷங்கள் உள்நாட்டில் வாழ்ந்து தப்பியோடிய ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தமது நூலிலே, ஊற்றும் ஆறும் இல்லாத வடபகுதி ஜனங்கள் மழைநீரை மறித்துப் பெரிய கரைகள் கட்டுவதையும், அக்கரைகள் அரைச்சந்திர வடிவில் வளைந்திருப்பதையும், ஊருக்கு ஒன்றாக அவை அமைந்திருப்பதையும் தெளிவாக வருணித்திருக்கிறார். எனினும் அவர் அவற்றுக்கு வழங்கிய சொல் 'டாங்க்' அன்று. தம் தேசத்துக் குட்டைகளைக் குறிக்கும் 'பொண்ட்' என்ற சொல்லையே வழங்கினார். 1859இல் ஜேம்ஸ் எமர்சன் தெனன்ற் இலங்கையைப் பற்றிய பெருநூலை எழுதியபோதோ, 'டாங்க்' என்பது விளக்கம் வேண்டாத சொல்லாக நிலைபெற்றுவிட்டது. இவ்விரு நூல்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், இந்தியாவிலே பழகிய ஆங்கில உத்தியோகஸ்தரின் பரிபாஷை இங்கேயும் ஸ்தாபிதமாயிற்று. அதன் பின்னர் 1930களின் நடுவில் புரோகியர் எழுதிய இலங்கையின் புராதன நீர்ப்பாசன வேலைகள் பற்றிய நூல்வரையில், குளமென்றால் 'டாங்க்' என்பது மாற்றமுடியாத வழக்காகிவிட்டது.

இனி, அந்த ஒரு சொல்லால் மூடப்பட்ட பொருளைத் திறந்து பார்ப்போம். தமிழ்நாட்டிலே வயலுக்கு நீர் கொடுப்பது ஏரி. நீராடவும் குடிக்கவும் உதவுவது குளம். பாண்டிநாட்டில் ஏரியே கண்மாய். ஊரார் குடிநீருக்கென்று காத்துவைப்பது ஊருணி. கோயிலைச் சார்ந்தது திருக்குளம், தெப்பக்குளம், தீர்த்தம். கும்பகோணத்து மகாமகக் குளத்தையும், மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிற் குளத்தையும், ஆயிரம் ஏக்கருக்கு நீர்பாய்ச்சும் ஏரியையும் ஆங்கிலம் ஒரே பெயரால் அழைத்தது. ஈழத்திலோ நீர்ப்பாசனத்துக்கானதையே நாம் குளமென்போம். கோயிலடியிற் படிகட்டி அமைத்தது கேணி. பள்ளமான இயற்கை நீர்நிலை மடு. வரண்ட நிலத்தில் ஆடுமாடு குடிக்கத் தோண்டியது துரவு. மட்டக்களப்பாருக்கு வாவியென்றால் கடலோடு கலந்த களப்பு. சிங்களத்தில் 'வெவ' என்றால் குளம். பெயர் வேறுபடுமிடத்தில் உபயோகமும் உரிமையும் வேறுபடுகின்றன. ஊருணியில் மாடு இறங்கலாகாது. கேணியில் வயலுக்கு நீர் இறைக்கலாகாது. சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் விதியும் விளங்கிவிடும்.

குளத்தின் அங்கங்களுக்கும் அப்படியே தனித்தனிப் பெயர்கள் உண்டு. நீரை மறிப்பது குளக்கட்டு. உள்ளே நீரலை மோதும் கரை அலைகரை. வயலுக்கு நீரைத் திறக்கும் மதகைக் கிழக்கிலும் வன்னியிலும் துருசு என்பர். மிகுந்த நீர் வழிந்தோடுமிடம் வான். மாரியில் வான் பாய்கிறது என்ற செய்தி கேட்டால், அந்தப் போகத்துக்கு நெல் விளையும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் பரவும். நீர்ப்பங்கீட்டைப் பார்ப்பதற்கு வட்டவிதானை; தமிழ்நாட்டில் அவ்வேலைக்கு நீர்க்கட்டி. இவ்வளவும் சேர்ந்ததே குளம். மேலே காடு அழிந்தால் குளம் தூரும். கீழே வாய்க்கால் தூர்ந்தால் வயல் காயும். வான் அடைபட்டால் கட்டு உடையும். ஒரு குளத்தின் வான்நீர் அடுத்த குளத்துக்கு வரவாய் அமைய, சங்கிலிபோற் கோக்கப்பட்ட இந்தத் தொடர்குள அமைப்பைத்தான், 2017இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் உலக முக்கியத்துவம் வாய்ந்த விவசாய மரபுரிமைகளுள் ஒன்றாக அங்கீகரித்தது.

எங்கள் பகுதியில் இந்த மரபு எவ்வளவு பழையது என்பதற்குக் கல்லிலேயே சாட்சி இருக்கிறது. நிலாவெளியிற் கிடைத்த சோழர் காலக் கல்வெட்டு, திருக்கோணமலையில் எழுந்தருளிய மச்சகேசுவரமுடைய மகாதேவருக்கு நீர்நிலமும் புன்செய்யுமாக 250 வேலி நிலம் அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. நிலாவெளிக்குத் தெற்கே, பெரியகுளத்தையடுத்துள்ள வெல்கம் விகாரை சோழராட்சியில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்று, தமிழ்ப் பௌத்தர் விளக்குக்கும் பசுவுக்கும் அளித்த தானங்களைத் தமிழிலேயே கல்லிற் பொறித்து வைத்திருக்கிறது. ஊரார் அதனை நாதனார் கோயிலென்றும் சொல்வர். ஆலயமும் பள்ளியும் வயலும் குளமும் ஒன்றையொன்று பற்றியே நின்றன. கோணேசர் கோயிலுக்குத் திருப்பணி செய்தவனாக ஐதிகம் போற்றும் அரசனின் பெயரே குளக்கோட்டன். குளமும் கோட்டமும் சமைத்தவன் என்று அப்பெயருக்குப் பொருள் சொல்வது நம்மவர் மரபு.

கந்தளாய்க் குளம் அவனாலேயே கட்டப்பட்டதென்று கோணேசர் கல்வெட்டு என்னும் நூலை ஒட்டிய தமிழ் ஐதிகம் சொல்ல, ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இரண்டாம் அக்கபோதியின் பணியாகப் பாளி வரலாற்று நூலாகிய சூளவம்சம் சொல்கிறது. யார் தொடங்கினாலும், பல தலைமுறை அரசரும் குடிகளும் பேணியதாலேயே அது நிலைத்தது என்பதில் ஐயமில்லை. கந்தளாயில் சோழர் காலத்தில் ஒரு சதுர்வேதிமங்கலம் இருந்ததையும் கல்வெட்டுகள் காட்டுகின்றன. தம்பலகாமத்து வயல்கள் இன்றும் அந்த நீராலேயே விளைகின்றன. திருகோணமலை நகரின் குடிநீரும் அங்கிருந்தே வருகிறது. 1986ஆம் வருஷம் ஏப்ரல் 20ஆந் திகதி விடியற்கு முன் அதன் கட்டு உடைந்தபோது, நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீடுகளும் வயல்களும் வாரிக்கொண்டு போகப்பட்டன. பாத்திரம் உடைந்தால் வேறொன்று வாங்கிவைக்கலாம். குளம் உடைந்தால் ஒரு நாட்டுப்புறமே உடைந்துபோகும். இந்த வித்தியாசத்தைத் தாங்கும் வலிமை 'டாங்க்' என்ற சொல்லுக்கு இல்லை.

யுத்த வாகனத்துக்கு இப்பெயர் வந்த கதை முற்றிலும் வேறு வகை. முதலாம் உலக யுத்தத்தில் அகழிப்போர் அசைவற்று நின்றுவிட்ட நிலையில், முட்கம்பியையும் அகழியையும் கடந்து செல்லத்தக்க 'நிலக்கப்பல்' ஒன்றை உருவாக்குவதற்காக 1915 பெப்ருவரியில் பிரித்தானியக் கடற்படை அமைச்சு ஒரு குழுவை நியமித்தது. இங்கிலாந்தின் லிங்கன் நகரத் தொழிற்சாலையில் அது தயாரானபோது, அதன் உண்மை உளவாளருக்கு எட்டாதிருக்கும்பொருட்டு, அது நீர் கொண்டுசெல்லும் கலமென்று சொல்லிவைத்தனர்; அந்த மறைபெயரைச் சுருக்கி 'டாங்க்' என்றனர். 1916 செப்டெம்பர் 15ஆந் திகதி பிரான்சின் சொம் போர்முனையில் அது முதன்முதலாகப் போரில் இறங்கியது. மறைப்பதற்காக இட்ட பெயர் உலகமெங்கும் அதன் உண்மைப் பெயராய் நிலைத்துவிட்டது. தமிழில் நாம் அதை 'டாங்கி' என்று எழுதுகிறோம். மூன்று தசாப்தம் யுத்தத்தினூடே வாழ்ந்த வடகிழக்குத் தமிழருக்கு அச்சொல்லின் பொருளை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

அந்தக் குழுவை நியமித்த கடற்படை அமைச்சர் வின்ஸ்டன் சேர்ச்சில் என்பது எங்கள் மாவட்டத்தார் ஊன்றிக் கவனிக்கவேண்டிய விஷயம். பிரித்தானியப் போர்க்கப்பல்களை நிலக்கரியிலிருந்து எண்ணெய்க்கு மாற்றும் முயற்சியை முதல் யுத்தத்துக்கு முன்னரே விரைவுபடுத்தியவரும் அவரே. கப்பல் எண்ணெயில் ஓடத் தொடங்கினால் கீழைச் சமுத்திரங்களில் எண்ணெய் நிரப்பும் நிலையங்கள் வேண்டும். உலகத்தின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றாகிய திருகோணமலை அதற்கு ஏற்ற ஸ்தலம். அதன் பயனாக, இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னரே சீனன்குடாவில் எண்ணூறு ஏக்கருக்கு மேற்பட்ட காட்டுநிலத்தில் எண்ணெய்க் கலங்கள் எழுந்தன. போர்வாகனமாகிய 'டாங்க்'கும் எண்ணெய்க் கலமாகிய 'டாங்க்'கும் ஒரே அமைச்சின் கொள்கையிலிருந்து கிளைத்தவை என்று சொன்னால் மிகையாகாது.

இக்கலங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளுவன, எஞ்சியிருப்பவை 99. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது, முன்னிருந்த கலங்களுள் ஒன்று தீப்பற்றி அழிந்தது. 1957இல் கடற்படைத் தளம் இலங்கையின் கைக்கு வந்தது. 1987 ஜூலை 29ஆந் திகதி இந்தியாவின் ராஜீவ் காந்தியும் இலங்கையின் ஜே. ஆர். ஜயவர்த்தனவும் ஒப்பந்தம் செய்தபோது பரிமாறிக்கொண்ட கடிதங்களில், இக்கலங்களை இரு தேசமும் கூட்டாகப் புனரமைத்து இயக்குவதென்ற வாசகமும் இடம்பெற்றது. ஒரு தேசத்தின் சமாதானம் பற்றிய கடிதத்தில் எண்ணெய்க் கலம் பிரஸ்தாபிக்கப்படுவது, இவை எத்துணை அரசியற் பாரம் சுமப்பவை என்பதைக் காட்டும். 2022 ஜனவரியில் எட்டிய உடன்பாட்டின்படி 14 கலங்கள் லங்கா இந்திய எண்ணெய்க் கம்பனியிடமும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், எஞ்சிய 61 இருவரும் சேர்ந்த கூட்டுக் கம்பனியிடமும் இருக்கும். அதே வருஷம் பெற்றோலுக்காக இந்நாட்டு ஜனங்கள் நாட்கணக்காய் வரிசையில் நின்றதை நினைப்போர்க்கு, அந்தக் காட்டினுள் பல கலங்கள் உபயோகமின்றித் துருவேறி நின்றது வேதனை தரும் செய்தியே.

இவற்றைத் தமிழ்ப் பத்திரிகைகள் எண்ணெய்த் தாங்கிகள் என்றும் எண்ணெய்க் குதங்கள் என்றும் எழுதுகின்றன. குதம் என்பது 'கோடவுன்' என்ற சொல்லின் இனமாகத் தோன்றுகிறது. அந்தக் கோடவுனுக்கு மலாய் மொழியின் வழியாகத் தமிழ்க் 'கிடங்கு' அல்லது அதன் தெலுங்கு இனச்சொல் மூலமாகலாமென்பது அகராதிக்காரர் பலரின் கருத்து. ஆயினும் வடமொழியில் குதம் என்பது உடலின் ஓர் உறுப்பையே குறிப்பதால், மாணவரும் பெண்களும் கூடிய சபையிற் சொல்லத் தயங்கும்படியான ஒரு சொல்லை நாம் ஏன் விடாப்பிடியாய் வைத்திருக்க வேண்டும்? தாங்கி என்பது அதனினும் பன்மடங்கு சிறந்தது. சுமைதாங்கி, இடிதாங்கி என்று ஏற்கெனவே நம்மிடையே வழங்கும் சொற்களோடு அது ஓரினமானது. ஆங்கில ஒலிக்கும் அருகில் நிற்பது. உள்ளிருப்பதைத் தாங்கி நிற்பது என்ற பொருளையும் தானே விளக்குவது. அந்நியச் சொல்லொன்றுக்குத் தமிழ் ஆக்கம் தேடிய முயற்சிகளுள் இவ்வளவு இயல்பாக அமைந்தவை மிகச் சிலவே.

வீட்டு உபயோகத்துக்கும் இலங்கையில் தாங்கியே வழங்குகிறது. தமிழ்நாட்டு அரசாங்கம் 'மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி' என்று எழுதுவதை நாம் நீர்த்தாங்கி என்று சுருக்கமாய் முடித்துவிடுகிறோம். 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கரையோரத்தை அழித்தபின், கிழக்குக் கரையின் கிணறுகள் உவராகிப் போயின. பவுசர் வண்டிகளிற் கொண்டுவந்த நல்ல நீரைச் சந்திதோறும் வைத்த கறுப்புத் தாங்கிகளில் ஊற்றி, குடத்தோடு காத்துநின்று வாங்கிய காலமொன்றிருந்தது. நிலாவெளி மணற்பூமியில் ஆழமில்லாத கிணற்றிலேயே இனிய நீர் கண்டு வாழ்ந்தவர்களுக்கு, தாங்கியென்ற சொல் அப்போதுதான் உயிரோடு சம்பந்தப்பட்ட சொல்லாயிற்று.

மற்றைய பிரயோகங்களைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. தன் நீரைத் தானே சுமக்கும் ஒருவகை ரயில் எஞ்சின், மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி, கையில்லாத மேற்சட்டை, குற்றவாளியை அடைக்கும் அறை, ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்றல் என்று அமெரிக்க வழக்கிலும் ஆங்கில வழக்கிலும் பொருள்கள் பெருகிக்கிடக்கின்றன. அறிஞர் கூடி அரசுகளுக்கு ஆலோசனை கூறும் ஸ்தாபனத்தையும் அவர்கள் 'திங்க் டாங்க்' என்றே அழைக்கின்றனர்; நாம் அதனைச் சிந்தனைக் குழாம் என்று ஆக்கிக்கொண்டது நல்ல ஆக்கம்.

கவலைக்குரியது இவையன்று, முதற்பொருளே. சென்னையில் நுங்கம்பாக்கத்திலே 'டாங்க் பண்ட் சாலை' என்ற பெயர் இருக்கிறது, ஏரி இல்லை. அதனோடு தொடர்ந்து கிடந்த மாம்பலத்து நெடிய ஏரியை 1920களில் தூர்த்துத்தான் தியாகராய நகரம் எழுப்பப்பட்டது. ஏரிக்கு வரத்துக்கால் உண்டு, மிகுந்த நீர் வழியும் கலிங்கு உண்டு, கீழே வேறோர் ஏரி உண்டு என்று அறிந்தவர் அதைத் தூர்க்க அஞ்சுவர். பள்ளத்தில் தேங்கிய நீர்க்கலமென்று மாத்திரம் கண்டவர் அஞ்சார். இலங்கையிலும், 80 ஹெக்டெயருக்குக் குறைந்த நிலத்துக்கு நீர்கொடுக்கும் சிறுகுளம் கமநலத் திணைக்களத்தைச் சேர்ந்தது, அதற்கு மேற்பட்டது நீர்ப்பாசனத் திணைக்களத்தைச் சேர்ந்தது என்று பகுத்திருக்கிறார்கள். நிர்வாகத்துக்கு அது வசதியாயிருக்கலாம். ஆனால் மேற்குளத்தின் வான்நீர் கீழ்க்குளத்துக்கு வரும்போது அது எந்தத் திணைக்களத்தின் எல்லையையும் பார்த்து வருவதில்லை. தனித்தனிக் கலங்களாக எண்ணிக் கட்டை உயர்த்தியும் தூரை அகற்றியும் திருத்துகிறபோது, நீர் வரும் வழியும் போகும் வழியும் கணக்கில் வராமற் போகின்றன. குளத்தை ஆழமாக்கிவிட்டு அதைச் சார்ந்த காட்டை அழிக்கவிடும் திட்டம் குளத்தைக் காப்பாற்றாது என்பது வயல் செய்வோர் எல்லாரும் அறிந்ததே.

ஆங்கிலத்தில் எழுதுவோரை நாம் தடுக்க முடியாது, தடுக்கவேண்டிய அவசியமுமில்லை. தமிழில் எழுதும் நமக்கோ சொற்பஞ்சமில்லை. எண்ணெய்க்கும் வீட்டு நீருக்கும் தாங்கி, யுத்த வாகனத்துக்கு டாங்கி, வயலுக்கு நீர்கொடுப்பதற்குக் குளம், கோயிலடியில் உள்ளதற்குக் கேணி அல்லது தீர்த்தம் என்று வரையறுத்து எழுதினால் மயக்கத்துக்கு இடமே இராது. திட்ட அறிக்கைகளைத் தமிழாக்கும் உத்தியோகஸ்தர்கள் குளமென்று எழுதவேண்டிய இடத்தில் நீர்த்தாங்கி என்றோ நீர்த்தேக்கக் கலமென்றோ எழுதாதிருக்க வேண்டும். அலைகரை, துருசு, வான், வட்டவிதானை முதலிய சொற்களை அந்த அறிக்கைகளிலேயே வழங்க வேண்டும். தம்பலகாமத்திலும் நிலாவெளியிலும் குச்சவெளியிலும் பள்ளிக்கூடம் நடத்தும் ஆசிரியர்கள், தங்கள் ஊர்க் குளத்தின் கட்டில் மாணவரை நடத்திச் சென்று, அங்குள்ள முதிய கமக்காரரிடமிருந்தே அதன் ஒவ்வோர் அங்கத்தின் பெயரையும் கேட்டு எழுதச் செய்யும்படி வேண்டிக்கொள்கிறேன். அந்தக் கமக்காரர்கள் இருக்கும்போதே அது செய்யப்படவேண்டும்.